மூன்றாவது வேட்பாளர் அமெரிக்க அதிபர் தேர்தலை மாற்றினாரா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருக்கமாக முடிந்தால் போதும், "அந்த ஆள் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால் நாங்கள்தான் ஜெயித்திருப்போம்" என்று தோற்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பும். சில சமயம் அது உண்மை, பல சமயம் வெறும் ஆற்றாமை. எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க மாநில வாரியான முடிவுகளும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

முதலில், நாடு முழுவதும் அந்த மூன்றாவது வேட்பாளர் வாங்கிய சதவீதத்தை ஓரமாக வையுங்கள். 1992ல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீதம், அதாவது 1.97 கோடி ஓட்டு வாங்கினார், ஆனால் ஒரு எலெக்டோரல் ஓட்டுகூட (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநில வாரியாக ஒதுக்கப்பட்ட ஓட்டு, ஜெயிக்க 270 வேண்டும்) கிடைக்கவில்லை. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டையும் தவிர மற்ற மாநிலங்களில் முதலில் வருபவருக்கே எல்லா எலெக்டோரல் ஓட்டும் போய்விடும். அதனால் இழுபறியாக முடிந்த மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே முதல் இருவருக்கும் உள்ள ஓட்டு வித்தியாசத்தை, மூன்றாமவர் வாங்கிய ஓட்டால் வகுங்கள். முடிவு மாற வேண்டுமானால், மூன்றாமவரின் ஓட்டில் அத்தனை சதவீதம் தோற்றவருக்குக் கூடுதலாக வந்திருக்க வேண்டும். நூறு பேரில் 60 பேர் தோற்றவருக்கு, 40 பேர் ஜெயித்தவருக்கு என்று பிரிந்தால் கூடுதல் 20தான் என்பதை மறக்காதீர்கள். வேறு யாருக்கும் போட மனமில்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும் நிறைய இருப்பார்கள், அவர்களையும் கழிக்க வேண்டும்.

2000ல் தேர்தலையே தீர்மானித்த புளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில், பசுமைக் கட்சியின் ரால்ப் நாடர் அங்கே வாங்கியது 97,488. வகுத்தால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நாடரின் ஆட்களில் பாதிப் பேர் ஓட்டே போடவில்லை, மீதிப் பேர் 51க்கு 49 என்று அல் கோர் பக்கம் சாய்ந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் கோருக்குக் கூடுதலாக 970க்கு மேல் கிடைத்திருக்கும். என்னைக் கேட்டால், மூன்றாமவர் முடிவை மாற்றினார் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய தேர்தல் இது.

இதே கணக்கை 2016க்குப் போட்டால் கதை வேறு. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனால்தான் ஹிலாரி தோற்றார் என்று இன்னமும் சொல்கிறார்கள். மிச்சிகனில் வித்தியாசம் 10,704, ஸ்டைனுக்கு 51,463, ஆக 21 சதவீதம் கூடுதல் போதும், நடக்கக்கூடியதுதான். ஆனால் விஸ்கான்சினில் 73 சதவீதம், பென்சில்வேனியாவில் கிட்டத்தட்ட 89 சதவீதம் தேவைப்படுகிறது. மூன்று மாநிலமும் ஒன்றாக மாறியிருந்தால்தான் டிரம்ப் 270க்குக் கீழே இறங்கியிருப்பார், இரண்டு மாறினால் போதாது. அதோடு அந்த மூன்றிலும் லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் ஸ்டைனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஓட்டு வாங்கினார். ஒரு பக்கம் ஸ்டைனை நீக்கிவிட்டு இன்னொரு பக்கம் ஜான்சனை அப்படியே வைத்திருப்பது நேர்மையான கணக்கு இல்லை.

அப்புறம், அவர்களுடைய இரண்டாவது விருப்பம் யார் என்று பாருங்கள், ஊகிக்காதீர்கள். பெரோ விஷயத்தில், ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் அவருடைய ஆதரவாளர்கள் கிளின்டனுக்கும் அப்போதைய அதிபர் மூத்த புஷ்ஷுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தார்கள். பெரோதான் மூத்த புஷ்ஷைக் கவிழ்த்தார் என்ற பேச்சுக்கு அதனால் பெரிய பலம் இல்லை.

சிதறாமல் ஒரே பகுதியில் குவிந்த ஓட்டுக்கு இந்த வகுத்தல் உதவாது. 1968ல் ஜார்ஜ் வாலஸ் தெற்கில் ஐந்து மாநிலங்களைப் பிடித்து 46 எலெக்டோரல் ஓட்டு எடுத்தார். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் செய்து பேரம் பேசுவதுதான் அவருடைய திட்டம். அப்படி நடந்தால் பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு ஓட்டு வீதம் அதிபரைத் தேர்ந்தெடுக்கும். நிக்சன் 301 எடுத்ததால் அது நடக்கவில்லை. இந்த மாதிரி வேட்பாளர் வந்தால், 270ஐத் தொட விடாமல் தடுப்பாரா என்று மட்டும் பாருங்கள்.

தேர்தலுக்கு முன்பே கணிக்க ஆசைப்பட்டால், கோடைக்காலக் கருத்துக்கணிப்பை அப்படியே நம்பாதீர்கள். 1980ல் சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சனுக்கு அந்தச் சமயத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஆதரவு இருந்தது, நவம்பரில் கிடைத்தது 6.6.