டிஎஸ்எல் லைன் அடிக்கடி கட் ஆகுதா, மொதல்ல வீட்டுக்குள்ள இருக்குற வயரைப் பாருங்க

டிஎஸ்எல்னா போன் கம்பி வழியா வர்ற நெட். மோடத்துல டிஎஸ்எல் லைட்டு நின்னு எரியாம மினுக்மினுக்னு அடிச்சுக்கிட்டே இருந்தா அது லைன் பிரச்சனை. லைட்டு நல்லா எரியுது, ஆனா இரண்டாம் கட்டுல போன்ல நெட் வரலன்னா அது வைஃபை, நம்ம செட்டிநாட்டு வீட்டு சுவத்து கனத்துக்கு வைஃபை அவ்வளவுதான் போகும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

லைன் பிரச்சனைதான்னா பிரவுசர்ல 192.168.1.1 போட்டு மோடத்துக்குள்ள போங்க (சில மோடத்துக்கு நம்பர் மாறும், அடியில ஒட்டிருக்கும்). ஸ்டேட்டஸ் பக்கத்துல எஸ்என்ஆர் மார்ஜின்னு ஒண்ணு (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு மிச்சம் இருக்குற பலம்), அட்டனுவேஷன்னு ஒண்ணு (வர்ற வழியில சிக்னல் தேயுற அளவு) இருக்கும். மார்ஜின் கூட இருந்தா நல்லது, 10 டிபிக்கு மேலன்னா நிம்மதி, 6க்கு கீழ எறங்குனா லைன் எப்ப வேணா விழும். அட்டனுவேஷன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து வர்ற செம்புக் கம்பியோட நீளத்தைப் பொறுத்தது, அதை நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. மார்ஜினை காலையில ஒருதடவை ராத்திரி ஒருதடவை எழுதி வச்சுக்கங்க.

ஏன் ராத்திரின்னா, இருட்டுனப்புறம் மீடியம் வேவ் ரேடியோ ரொம்ப தூரத்துல இருந்தெல்லாம் வந்து சேரும். ஏடிஎஸ்எல்2+ங்கிற டிஎஸ்எல் வகையோட சிக்னல் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது, திருச்சி வானொலியோட 936 கிலோஹெர்ட்ஸ், மதுரையோட 1269 ரெண்டுமே அதுக்குள்ளதான் வருது. முறுக்கு இல்லாத தட்டை வயரு இதையெல்லாம் ஏரியல் மாதிரி இழுத்துக்கும்.

எங்க அப்பத்தா வீடு கானாடுகாத்தான்ல, முகப்புல லைன் உள்ள வருது, மோடம் இருந்தது இரண்டாம் கட்டுல, நடுவுல வளவைச் (நடு முற்றம்) சுத்தி தட்டை வயரு, அது போதாதுன்னு மூணாம் கட்டுக்கு எப்பவோ இழுத்த எக்ஸ்டென்ஷன், போனைக் கழட்டிட்டாங்க வயரு மட்டும் சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. மார்ஜின் 5. மோடத்தைத் தூக்கிட்டு வந்து முகப்புல லைன் நுழையுற முதல் பாக்ஸ்லயே நேரா சொருகி, மத்த வயரு எல்லாத்தையும் கழட்டிப் பாத்தேன், 13. இந்த ஒரு டெஸ்ட்டைக் கண்டிப்பா பண்ணுங்க. தொங்குற வயருக்குள்ள போற சிக்னல் முனையில மோதித் திரும்பி வந்து நல்ல சிக்னலையே கெடுக்கும், அதனால உபயோகம் இல்லாத எக்ஸ்டென்ஷனை பாக்ஸ்லயே துண்டிச்சிருங்க. மோடம் முகப்புலயே இருக்கட்டும், பின்கட்டுக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்துக்கங்க, 100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும், ஒரு தெருவுல இருந்து அடுத்த தெரு வரைக்கும் போற வீடா இருந்தாலும் பெரும்பாலும் பத்தும்.

ஸ்ப்ளிட்டர் (போன் பேச்சையும் நெட்டையும் பிரிக்கிற சின்ன டப்பா) முதல் பாக்ஸ்லயே ஒண்ணு போட்டு, போன் எல்லாத்தையும் அது வழியா மட்டும் எடுங்க. ஒரு போன் தப்பினாலும் ரிங் வரும்போது நெட் விழும்.

அப்புறம் ஒரு நல்ல வழி, பேட்டரில ஓடுற பழைய ஏஎம் ரேடியோ இருந்தா ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி வாங்க. மலிவு எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எது கிட்டப் போனா உர்ருனு கத்துதோ அதை அணைச்சுட்டு மார்ஜின் ஏறுதான்னு பாருங்க.

முதல் பாக்ஸ்லயும் மார்ஜின் கம்மியா இருந்தா தப்பு வெளியில. மோடத்தைக் கழட்டிட்டு போனை எடுத்து ஒரு நம்பர் மட்டும் அமுக்கிட்டு கேளுங்க, கரகரன்னா எங்கயோ ஜாயின்ட்ல ஈரம் எறங்கிருக்கு, ஐப்பசி மழைக்கு இது சகஜம். லைன்மேன் அண்ணன் வந்தா எழுதி வச்ச நம்பரைக் காட்டுங்க, டேப் சுத்தாம ஜெல் இருக்குற கனெக்டர் போடச் சொல்லுங்க, அதுலயும் சரியாகலன்னா பில்லர்ல (தெருவோரம் இருக்குற போன் கேபிள் பெட்டி) இருந்து வேற பேர் (ஜோடிக் கம்பி) மாத்தித் தரச் சொல்லுங்க. பேர் காலி இல்லன்னா எக்ஸ்சேஞ்சுல ஸ்பீடைக் கொஞ்சம் கொறைச்சு மார்ஜினை ஏத்தச் சொல்லிக் கேளுங்க, 8 எம்பிபிஎஸ்ல விழுந்து விழுந்து எந்திரிக்கிறதுக்கு 6 எம்பிபிஎஸ் நாள் முழுக்க நின்னா வேலையாவது நடக்கும்.