ஒரு லட்ச ரூபாய்க்கு மிர்ரர்லெஸ் கேமரா: மண்டபத்து வெளிச்சத்தில் ஒரு கணக்கு

திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மிர்ரர்லெஸ் கேமரா, அதாவது டிஎஸ்எல்ஆரில் இருக்கிற கண்ணாடி உள்ளே இல்லாத வகை, வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் கைப்பேசியில் ஏதாவது ஒரு பாடியின் (லென்ஸ் மாட்டாத கேமராவின்) படத்தைக் காட்டி, “அண்ணே, இது எத்தனை மெகாபிக்சல் தெரியுமா?” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தக் கேள்வியை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் என்றால் அகலத்தில் 6000 புள்ளி, உயரத்தில் 4000 புள்ளி. கல்யாண ஆல்பத்தில் விரித்த தாள் 12க்கு 36 அங்குலம். அதில் பாதியை ஒரே படம் அடைத்துக்கொண்டாலும், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 5400க்கு 3600 இருந்தால் போதும். நிகான் இசட்30-இன் 20.9 மெகாபிக்சல்கூட இந்த அளவைத் தாண்டிவிடுகிறது. காதணி விழாவுக்குப் பத்தடி அகலத்தில் ஃபிளெக்ஸ் வைத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளிதான் வரும். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற மாமன் மச்சானுக்கு அதுவே தாராளம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் இருப்பதை எடுக்கப் போகிறீர்கள்? அரிட்டாபட்டி மலையில் பருந்து எடுக்க ஆசைப்படுகிறவருக்கும், உசிலம்பட்டியில் காதணி விழா எடுக்கப் போகிறவருக்கும் ஒரே பாடி பொருந்தலாம், லென்ஸ் பொருந்தாது. ஆகவே லென்ஸை முடிவு செய்துவிட்டு, அது எந்தப் பாடியில் மாட்டும் என்று பின்னால் போங்கள். இங்கே விசேஷ வேலையை மட்டும் வைத்துப் பேசுகிறேன். அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

மண்டபத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கூடத்தில் மங்கலான குழல் விளக்கு, மேடையில் ஊதாவும் சிவப்புமாக எல்இடி, மணமக்கள் தலைக்குப் பின்னால் சீரியல் விளக்கு, வீடியோக்காரர் விளக்கு ஒருபுறம். பெட்டியோடு வருகிற கிட் லென்ஸ் இங்கேதான் திணறும். கேனானின் 18-45 மி.மீ. லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) எஃப்/6.3-க்குச் சுருங்கிவிடும். அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது, கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு; ஏற ஏறப் படத்தில் புள்ளி வரும்) 6400 வைக்க வேண்டிய காட்சியை இதில் 500-ஐ ஒட்டியே எடுத்துவிடலாம். தாலி கட்டும் அந்த அரை நிமிடத்தில் பெண்ணின் முகத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் வராமல் இருக்க, புதுப் பாடியைவிட பதினைந்து இருபதாயிரம் ரூபாய் 50 மி.மீ. லென்ஸ் அதிகம் செய்யும்.

ஆனால் 50-ஐ மட்டும் வைத்துக்கொண்டு விசேஷத்துக்குப் போக முடியாது. ஏபிஎஸ்-சி என்பது ஃபுல் ஃப்ரேம் எனும் பழைய பிலிம் அளவைவிடச் சிறிய சென்சார். அதில் சோனி, நிகான் என்றால் 1.5 மடங்கு, கேனான் என்றால் 1.6 மடங்கு கோணம் குறுகும். 50 என்பது 75 அல்லது 80 ஆகிவிடும்; மி.மீ. எண் கூடினால் படத்தில் அடங்கும் அகலம் குறையும். மேடையில் தாய்மாமன் குடும்பம் முழுவதும் ஏறி நின்றால், நீங்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து பந்தி வாசலுக்கே போய்விடுவீர்கள். அகலக் கோணத்துக்குக் கிட் லென்ஸ் தேவை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சோனி, நிகான் கிட் லென்ஸ் 16 மி.மீ.-இல் தொடங்குகிறது, அதாவது 24-க்குச் சமம். கேனானின் 18, 29-க்குச் சமம். சின்ன வீட்டின் முன்னறையில் சடங்கு எடுக்கும்போது இந்த வித்தியாசத்தில் ஓரத்து அத்தைமார் இரண்டு பேர் படத்திலிருந்து காணாமல் போவார்கள். பிறகு ஆல்பம் கொடுக்கும் நாளில் அவர்கள் பேசுவதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சீரியல் விளக்கு இன்னொரு தொல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை மின்னி மின்னி அணையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும் வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுச் சுற்று அடங்கிவிடும். மிர்ரர்லெஸ்ஸில் சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறதே என்று ஆசைப்பட்டு அதைப் போடாதீர்கள். அது சென்சாரை வரி வரியாகப் படிப்பதால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் முழங்குகிற இடத்தில் உங்கள் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப் போகிறது? பாடி பார்க்கும்போது ஆன்டி-ஃபிளிக்கர் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மேடையின் பின்னால் வைக்கிற எல்இடி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

எந்தக் கம்பெனி? சோனி, நிகான், கேனான் மூன்றும் நல்ல படம் தரும். சோனியின் இ-மவுண்ட் (மவுண்ட் என்பது பாடியில் லென்ஸ் மாட்டும் வளையம்) 2010-இலிருந்து இருப்பதால் சிக்மா, டாம்ரான் லென்ஸ்களும் பழைய லென்ஸ்களும் அதற்கு நிறையக் கிடைக்கின்றன. கேனானின் ஆர்எஃப் மவுண்ட் 2018-இல் வந்தது. சிக்மாவும் டாம்ரானும் அதற்கு ஏபிஎஸ்-சி லென்ஸ் தரத் தொடங்கியது 2024-இல்தான். வீட்டில் ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் லென்ஸ் இருந்தால் கதை மாறும். கேனானின் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸோடு நன்றாக வேலை செய்யும். நிகானில் பார்த்துச் செய்யுங்கள். பழைய லென்ஸை மாட்டுகிற எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஊர் ஸ்டுடியோக்களில் இன்னும் புழங்குகிற, தனக்கென்று மோட்டார் இல்லாத 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸில் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டியிருக்கும். என் கேள்வி எப்போதும் இதுதான்: உங்கள் ஊரில் அவசரத்துக்கு லென்ஸ் இரவல் கொடுக்கக்கூடிய நண்பர் எந்த மவுண்ட் வைத்திருக்கிறார்? அதையே வாங்குங்கள்.

சென்ற மாதம் தங்கை மகன் ஒரு லட்ச ரூபாய் சேர்த்துக்கொண்டு வந்தான்.

“மாமா, பழைய ஃபுல் ஃப்ரேம் ஒன்று வருகிறது. வாங்கிவிடட்டுமா?”

“வாங்கு மாப்பிள்ளை. லென்ஸுக்குப் பணம் யார் தருவது?”

ஃபுல் ஃப்ரேமுக்கு எதிரி இல்லை நான். ஆனால் அதன் எஃப்/2.8 ஜூமைப் பாருங்கள். டாம்ரானின் 28-75 மி.மீ. 540 கிராம். அதற்கு இணையாக ஏபிஎஸ்-சியில் சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப்/2.8 வெறும் 290 கிராம், விலையும் குறைவு. விடியற்காலை முகூர்த்தத்திலிருந்து பிற்பகல் பந்தி முடிகிற வரை கழுத்தில் தொங்கவிடுகிறவருக்குத்தான் அந்த 250 கிராமின் அருமை தெரியும்.

அவனுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு, தோராயமாக: கிட் லென்ஸோடு ஏபிஎஸ்-சி பாடி 65,000. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 17,000. அசல் பேட்டரி கூடுதலாக ஒன்று 4,000. கார்டு இரண்டு 2,500. கையால் அளவு வைக்கிற பிளாஷ் 6,000. பை, புளோயர் (தூசி ஊதும் ரப்பர் குமிழ்), சிலிக்கா ஜெல் எல்லாம் சேர்த்து 2,500. மொத்தம் 97,000. மிச்சம் மூவாயிரத்தில் ஹார்டு டிஸ்க் வராது; அதற்கு முதல் விசேஷத்தின் முன்பணம். கடைக்காரர் சொல்லும் விலையைப் பொறுத்து இந்த எண்கள் ஏறும், இறங்கும். பாடியும் கிட் லென்ஸும் கையில் இருக்கிற பணத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

பேட்டரியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேனானின் எல்பி-இ17 பேட்டரி, 200டி மார்க் 2 டிஎஸ்எல்ஆரில் ஒரு சார்ஜுக்கு 1070 படம் என்று கம்பெனியே சொல்கிறது. அதே பேட்டரியை மிர்ரர்லெஸ் ஆர்50-இல் போட்டால் சில நூறுதான்; திரை எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறதல்லவா? அதே ஆர்50-இல் பழைய பிளாஷை நேரடியாக மாட்டவும் முடியாது, ஏடி-இ1 என்ற அடாப்டர் வேண்டும். பிளாஷ் வாங்கும் முன் உங்கள் பாடிக்கு இப்படி ஏதாவது தண்டச் செலவு ஒளிந்திருக்கிறதா என்று கேளுங்கள். கார்டில் வி30 என்ற முத்திரை இருந்தால் சாதாரண 4கே வீடியோவுக்குப் போதும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 45 ஜிபி நிறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெரிய கார்டு ஒன்றைவிட 64 ஜிபி கார்டு இரண்டு நல்லது.

பழையது வாங்கினால் இந்தப் பணத்தில் ஹார்டு டிஸ்க்கும் அடங்கும். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். தூசி இரண்டொன்று இருப்பது பாதகமில்லை. பாடியில் எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம், லென்ஸ் மூடியைப் போட்டுக் கறுப்பாக ஒரு படம் எடுத்து முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறக் கோடு தெரிந்தால் சென்சார் லேசர் வெளிச்சத்தில் அடிவாங்கியிருக்கலாம். திருவிழா ஆடல் பாடல் மேடைகளில் இப்போது லேசர் இல்லாத இடமே இல்லை. மிர்ரர்லெஸ்ஸில் சென்சார் எப்போதும் திறந்தே கிடப்பதால் ஆபத்து கூடுதல். உங்கள் கேமராவையும் அந்தக் கதிருக்கு நேராகத் திருப்பாதீர்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதை எடுக்க ஆசை இருந்தால், தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில்தான் நிற்க வேண்டியிருக்கும். இந்த விலைப் பாடிகளுக்கு அந்தத் தண்ணீரைத் தாங்குகிற காப்பு கிடையாது. மழைக்கான பிளாஸ்டிக் உறை நூறு இருநூறு ரூபாய்தான். அலங்காநல்லூர் வாடிவாசல் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். எது மாட்டியிருக்கிறதோ அதிலேயே எடுங்கள். மதுரையில் பெரும்பாலும் வறட்சிதான் என்று அலட்சியமாக இருந்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் நீல சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். வெளிறி இளஞ்சிவப்பானதும் சூடுபடுத்தி உலர்த்தினால் மறுபடி நீலமாகும்.

கடையில் ரசீது இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் ஆசை காட்டுவது சுலபம். வாரண்டிக்குப் போகும்போது பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். பாடியில் இருக்கிற சீரியல் எண் பில்லில் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வாங்குவதை ஆடி மாதத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் இல்லாத மாதம். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் பட்டன்கள் கைக்குப் பழகிவிடும், பழுது ஏதாவது இருந்தால் மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.