தொழிலக ரேடியோகிராபியில் மிகைக் கதிர்வீச்சு விபத்தைத் தவிர்க்கும் முறை

கொதிகலன் குழாய்கள், அழுத்தக் கலன்கள், எண்ணெய்க் குழாய்த் தடங்கள் ஆகியவற்றின் பற்றவைப்பில் மறைந்திருக்கும் விரிசலையும் குமிழையும் படம்பிடித்துக் காட்ட, பெரும்பாலான பணியிடங்களில் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளாலான கதிர்மூலம்தான் பயன்படுகிறது. இப்படிப் படம்பிடிப்பதே ரேடியோகிராபி. திருச்சி பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த உருவாக்கப் பட்டறைகளிலும், மணலி போன்ற சுத்திகரிப்பு வளாகங்களிலும், வளைகுடா நாடுகளில் ஆலையை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன் பணிகளிலும் தமிழ் பேசும் ரேடியோகிராபர்கள் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே தளத்தில் நிற்கும் வெல்டர்கள், ஹெல்பர்கள், மேற்பார்வையாளர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

களத்தில் 'சோர்ஸ்' என்று வழங்கும் இந்தக் கதிர்மூலம், சிறிய உலோகக் குப்பிக்குள் அடைத்து, 'பிக்டெயில்' எனப்படும் குட்டையான கம்பிவடத்தின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். வெளிப்பார்வைக்கு அது ஒரு சாதாரண இயந்திர உதிரிபாகம். சூடாக இருக்காது, ஒளிராது, மணக்காது. ஆனால் 30 கியூரி வலிமையுள்ள இரிடியம் மூலத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில், தடுப்பு ஏதும் இல்லாத நிலையில், மணிக்குச் சுமார் 140 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இருக்கும். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்கான வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அதாவது, அந்த ஒரு மீட்டர் தொலைவில் ஒன்பது நிமிடம் நின்றாலே ஓர் ஆண்டின் சராசரி வரம்பு முடிந்துவிடும். தொலைவு பாதியானால் கதிர்வீச்சு நான்கு மடங்காகும் என்ற கணக்கின்படி, ஒரு சென்டிமீட்டரில் அது நொடிக்கு ஏறத்தாழ 0.4 கிரே (இங்கே 1 கிரே என்பதை 1,000 மில்லிசீவர்ட் எனக் கொள்ளலாம்). விரல்களால் பத்துப் பதினைந்து நொடி பிடித்தாலே தோல் எரிந்து சிவக்கும் அளவை எட்டிவிடும். கையில் வலி தோன்றாததால் பிடித்தவருக்கு அப்போது எதுவும் தெரியாது.

1999 பிப்ரவரி 20 அன்று பெரு நாட்டின் யானாங்கோ நீர்மின் நிலையத் தளத்தில் நடந்தது இதுதான். ரேடியோகிராபி கருவியை விட்டு வெளியேறிக் கிடந்த, 37 கியூரி வலிமையுள்ள இரிடியம் மூலத்தை ஒரு வெல்டர் எடுத்துத் தம் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்தார், பிறகு வீட்டுக்கும் சென்றார். இரவில் எடுத்த கதிர்ப்படங்களில் எதுவும் பதியாததைக் கண்ட பிறகே மூலம் கருவிக்குள் இல்லை என்பது பணிக்குழுவுக்குத் தெரியவந்தது. அந்த வெல்டர் தம் வலது காலை இழந்தார். அவருடைய மனைவியும் குழந்தைகளும்கூடக் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். கருவியின் அருகே, கதிர்வீச்சின் அளவைக் காட்டும் ஒரு சர்வே மீட்டரைக் கொண்டுசென்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் இவ்வளவும் தவிர்ந்திருக்கும். ரேடியோகிராபி விபத்து அறிக்கைகளைப் படிப்பவர், நாடும் ஆண்டும் கருவியும் மாறினாலும் இந்த ஒரு நிமிடம் விடுபட்டிருப்பதை மீண்டும் மீண்டும் காண்பார். ஆகவே இக்கட்டுரையில் அதற்கே அதிக இடம் தரப்படுகிறது.

புறப்படும் முன்

மூலத்தைக் கவசத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் கருவியான 'கேமரா'வைச் சேமிப்பறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே சர்வே மீட்டரைச் சோதிக்க வேண்டும். மின்கல நிலை, அளவுத்திருத்தச் சான்றின் காலாவதி நாள் ஆகிய இரண்டோடு, மீட்டர் உண்மையில் கதிர்வீச்சை உணர்கிறதா என்பதையும் பார்ப்பது அவசியம். மூலம் உள்ளே பூட்டியிருக்கும் கேமராவின் மேற்பரப்பில் வைத்தால், கவசத்தைக் கடந்து வரும் சிறிதளவு கதிர்வீச்சுக்கு முள் அசைய வேண்டும். அந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இரவு முழுவதும் நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கப்போவது அந்த எண்ணோடுதான். முள் அசையாத மீட்டரோடு ஒருபோதும் தளத்துக்குச் செல்லக் கூடாது. ஒரே மீட்டரோடு குழுவை அனுப்புவதும் தவறு என்பது என் உறுதியான கருத்து; அது நடுவழியில் பழுதானால் வேலையை நிறுத்தும் துணிவு எல்லாருக்கும் வந்துவிடாது, அந்தத் துணிவைப் பணியாளரிடம் எதிர்பார்ப்பதைவிட இரண்டாவது மீட்டரை வாங்கித் தருவது நிறுவனத்தின் கடமை.

அடுத்து, மூலத்தைக் கேமராவிலிருந்து தள்ளவும் இழுக்கவும் பயன்படும் டிரைவ் கேபிளின் நுனியும் அதோடு இணையும் பிக்டெயிலின் நுனியும் தேய்ந்திருக்கின்றனவா என்பதை அதற்குரிய அளவுகோலால் பார்க்க வேண்டும். தேய்ந்த இணைப்பு பொருந்தியதுபோலத் தோன்றி, வளைவில் கழன்றுகொள்ளும். மூலம் வெளியே சென்று திரும்பும் குழாயான கைடு டியூபை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்த்து, எங்கேனும் நசுங்கியிருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். வண்டிச் சக்கரமோ விழுந்த குழாயோ ஏற்படுத்திய ஒரு சிறு நசுங்கல் போதும், மூலம் அங்கே சிக்கிக்கொள்ளும். அணிந்தவர் ஏற்ற கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டிஎல்டி பேட்ஜைச் சட்டைப்பையின் மேல் அணிந்திருப்பது கட்டாயம். ஆனால் அது பிறகு ஆய்வகத்தில் படிக்கப்படும் பதிவு மட்டுமே, அன்று உங்களை எச்சரிக்காது. எச்சரிக்க, ஒலியெழுப்பும் டோசிமீட்டர் (கதிர்வீச்சு அளவி) வேண்டும்.

தடுப்பெல்லை

தளத்தில் கயிறு கட்டும் தொலைவைக் கண்மதிப்பில் முடிவு செய்யக் கூடாது. மேலே சொன்ன 30 கியூரி மூலம் திறந்த வெளியில் நாற்புறமும் கதிர் வீசினால், மணிக்கு 10 மைக்ரோசீவர்ட் (0.01 மில்லிசீவர்ட்) என்ற அளவுக்குக் குறைய ஏறத்தாழ 120 மீட்டர் தேவைப்படும். கதிர்வீச்சைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் டங்ஸ்டன் கோலிமேட்டர் என்ற கவச உறையைப் பொருத்தினால், கோலிமேட்டரின் திறந்த பக்கம் நீங்கலாக, அந்தத் தொலைவு 30 மீட்டருக்குள் அடங்கும். கோலிமேட்டரை மாட்ட ஐந்து நிமிடம் கூடுதலாகிறது என்பதற்காக அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது, இடைப்பட்ட அந்த 90 மீட்டர் வளையத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் செய்யும் தீங்கு. கணக்கிட்டுக் கயிறு கட்டிய பின், முதல் எக்ஸ்போஷர் (மூலத்தை வெளியே அனுப்பிப் படமெடுப்பது) நடக்கும்போதே எல்லையில் மீட்டரால் அளந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கொதிகலன் கட்டுமானத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கயிறு தரையில் வட்டமிடுகிறது, கதிரோ மேலும் கீழும் செல்கிறது. இரும்புக் கிராதித் தளங்கள் காமாக் கதிரை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. ஆகவே மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் ஆள் இல்லை என்பதை நடந்து சென்று பார்த்து, ஏணி வழிகளில் காவலாளரை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இரவில் சாரத்தின் மேல் தூங்கிவிட்ட தொழிலாளியை ஒலிபெருக்கி அறிவிப்பு எழுப்பும் என்று நம்பியிருக்கக் கூடாது.

மூலம் திரும்பியதா?

கிராங்க் எனும் சுழல் கைப்பிடியைச் சுற்றி மூலத்தை வெளியே அனுப்பி, குறித்த நேரத்துக்குப் பின் திரும்பச் சுற்றுகிறோம். கைப்பிடி நின்றுவிடுகிறது, சுற்று எண்ணிக்கை சரியாக இருக்கிறது, கருவியின் காட்டி பச்சைக்கு வந்துவிட்டது. இவற்றில் எதுவும் மூலம் உள்ளே வந்ததற்குச் சான்றாகாது. பிக்டெயில் சரியாக இணைக்கப்படாமல் இருந்தால், வெளியே போகும்போது டிரைவ் கேபிள் அதைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது மூலத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கேபிள் மட்டும் வரும். கைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. எண்ணிக்கையும் பிசகாது. மூலம் கோலிமேட்டருக்குள்ளேயே இருக்கும். அடுத்த படத்துக்காக ஃபிலிமை மாற்றப்போகும் உதவியாளரின் கை அதிலிருந்து ஒரு சாண் தொலைவில் வேலை செய்துகொண்டிருக்கும்.

எனவே ஒவ்வொரு எக்ஸ்போஷர் முடிந்த பின்னும், மீட்டரைக் கையில் ஏந்தி, இயங்கு நிலையில், முள்ளைப் பார்த்தபடியே கேமராவை நெருங்க வேண்டும். முதலில் கேமராவின் பின்புறமும் பக்கங்களும், பிறகு கைடு டியூப் பொருந்தும் முன்வாய், அதன் பின் கைடு டியூபின் முழு நீளம், கடைசியாகக் கோலிமேட்டர் என்ற வரிசையில் அளவிட்டு, தொடக்கத்தில் குறித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண் பொருந்தினால் கேமராவைப் பூட்டி, சாவியை எடுத்த பிறகே மற்றவர் ஃபிலிமின் அருகே வரலாம். இதை ஒருவர் செய்ய, மற்றவர் பார்த்து உறுதிப்படுத்துவது நல்ல வழக்கம். நாற்பது படங்கள் எடுக்கும் இரவில் இது நாற்பது முறை. முப்பத்தைந்தாவது படத்தில்தான் உடல் சோர்ந்து, "இதுவரை சரியாகத்தானே வந்தது" என்ற எண்ணம் தலைதூக்கும். ஒரே இரவில் எத்தனை படம் எடுக்கலாம் என்பதைத் திட்டமிடும் மேலாளர், அளவீட்டுக்கான நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லையென்றால், அவர் விபத்துக்கு இடம் வைத்துத்தான் திட்டமிடுகிறார்.

மீட்டர் சுழியை (பூஜ்ஜியத்தை) காட்டும்போதும் ஓர் ஐயம் இருக்க வேண்டும். கெய்கர்-முல்லர் வகை மீட்டர்களில் சில, மிக அதிகக் கதிர்வீச்சில் திணறிச் சுழிக்கே திரும்பிவிடும். தொலைவில் உயர்ந்த முள் நெருங்கும்போது திடீரென விழுந்தால் பின்வாங்குங்கள். எல்லையிலிருந்தே மீட்டரைப் பார்த்துக்கொண்டு வருவது இதற்காகத்தான். அருகில் வந்த பிறகு இயக்கினால் இந்த வீழ்ச்சி உங்கள் கண்ணில் படாது. கேமராவை ஒட்டி வைத்தும் முள் சற்றும் அசையவில்லை என்றால், ஒன்று மீட்டர் பழுது, அல்லது மூலம் உள்ளே இல்லை. இரண்டுமே வேலையை நிறுத்த வேண்டிய காரணங்கள்.

மூலம் சிக்கிக்கொண்டால்

அளவு உயர்ந்திருந்தால் முதல் வேலை விலகுவது. எல்லையை விரிவாக்கி, யாரும் உள்ளே வராமல் காவல் நிறுத்தி, கதிரியல் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு அறிவிப்பதும் கட்டாயம். மூலம் சிக்கியிருப்பதால் நிலைமை நிமிடத்துக்கு நிமிடம் மோசமாவதில்லை. ஆள் விலகியிருக்கும் வரை யாருக்கும் பாதிப்பு அதிகரிக்காது. ஆகவே அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. காலையில் உற்பத்தி தொடங்க வேண்டும் என்ற நெருக்கடி காரணமாகாது.

செய்யக் கூடாதவை தெளிவானவை. கைடு டியூபைக் கழற்றி உதறக் கூடாது, வெட்டக் கூடாது, தோளில் சுருட்டிப் போட்டு எடுத்துச் செல்லக் கூடாது. 2002-இல் பொலிவியாவின் கொச்சபம்பாவில், மூலம் உள்ளே இருப்பதை அறியாமல் கைடு டியூப் பயணிகள் பேருந்தில் லா பாஸ் நகருக்கு அனுப்பப்பட்டது. அதில் பயணம் செய்தவர்களும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். மூலத்தை மீட்கும் வேலையை அதற்குரிய பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே, நீண்ட இடுக்கி, ஈயக்குண்டுப் பைகள், அவசரக் கவசக் கலம் ஆகியவற்றோடு, மூலமில்லாத மாதிரிக் கருவியில் ஒத்திகை பார்த்து, யார் எத்தனை நொடி அருகில் இருப்பார் என்று எழுத்தில் கணக்கிட்ட பிறகு செய்ய வேண்டும்.

தளத்தில் உள்ள மற்றவர்களுக்கு

1984-இல் மொராக்கோவின் முகமதியாவில் ஒருவர் வழியில் கிடந்த இரிடியம் மூலத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றதால் எட்டுப் பேர் இறந்தார்கள். 1996-இல் ஈரானின் கீலானில் மின்நிலையத் தொழிலாளி ஒருவர் மூலத்தைக் கண்டெடுத்து மார்புப் பையில் வைத்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். இவர்களில் எவரும் அலட்சியமானவர்கள் அல்லர்; அந்த உலோகத் துண்டு என்ன என்பதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. வேலை தொடங்கும் நாளில் தளத்தின் எல்லாத் தொழிலாளர்களுக்கும், இந்தி பேசும் தோழர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும், பிக்டெயிலின் மாதிரி ஒன்றையோ படத்தையோ காட்டி, இதைக் கண்டால் தொடாமல் விலகிச் சென்று தெரிவிக்க வேண்டும் என்று விளக்குவதற்குப் பத்து நிமிடம் போதும்.

ஒருவர் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அவர் எங்கே, எந்த நிலையில், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை நினைவு மங்கும் முன் எழுதி வாங்கி, அவருடைய டிஎல்டி பேட்ஜை உடனடிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அன்றே இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, அடுத்த நாட்களிலும் அதைத் திரும்பச் செய்வதால், லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் குறையும் வேகம் தெரியும். நிறப்புரி (குரோமோசோம்) பரிசோதனை மூலம் உடல் ஏற்ற அளவையே மதிப்பிடலாம். முதல் நாளின் சிவப்பு மறைந்து தோல் சரியானதுபோல் தோன்றினாலும், கடுமையான பாதிப்பில் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் கொப்புளம் எழும். அந்த இடைவெளியில் பார்க்கும் மருத்துவர் அதைப் பூச்சிக்கடி என்றோ தீக்காயம் என்றோ கருதிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே நோயாளி ரேடியோகிராபி தளத்தில் வேலை செய்தவர் என்பதை மருத்துவக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். கையையும் மற்ற இடங்களையும் நாள்தோறும் ஒளிப்படம் எடுத்துத் தேதியிட்டு, அந்தப் படங்களையும் டிஎல்டி முடிவையும் அவரிடமே ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.