கூடிப் பேசாமல் அடுத்த பந்து: ஃபிளாக் ஃபுட்பாலில் வேகத் தாக்குதலைப் பயிற்றுவிப்பது எப்படி

அமெரிக்கக் கால்பந்தின் உடல் மோதலற்ற வடிவமான ஃபிளாக் ஃபுட்பாலை 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்று, 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு முடிவெடுத்தது. குமரி மாவட்டத்தில் இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முன்வரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்காகவும், விடுமுறை நாள்களில் ஊர் மைதானத்தில் அணி திரட்டும் இளைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அடிப்படை விதிகள் ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்: அணிக்கு 5 பேர், 50 கஜ நீளமும் 25 கஜ அகலமும் கொண்ட களம், இரு முனைகளிலும் 10 கஜ இறுதிப் பகுதி, நடுக்கோட்டைத் தாண்ட நான்கு டவுன் (முயற்சி), தாண்டிய பின் புள்ளி எடுக்க மேலும் நான்கு டவுன்.

வேகத் தாக்குதல் என்றதும் வேகமாக ஓடும் பிள்ளைகளைத் தேடத் தொடங்குகிறோம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் இங்கே வேகம் என்பது, பந்து வைத்திருப்பவரின் இடுப்பிலிருந்து எதிரணி கொடியை உருவி ஓர் ஆட்டம், அதாவது ஒரு முயற்சி, முடிந்த நொடிக்கும், கோட்டின் நடுவில் நிற்கும் சென்டர் அடுத்த பந்தைப் பின்னால் தரும் நொடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறிக்கிறது. அந்த இடைவெளியில் ஐவரும் வட்டமாகக் கூடி அடுத்த திட்டத்தைப் பேசுவதுதான் ஹடில். அதை விட்டுவிட்டு நேராகக் கோட்டுக்குச் சென்று நின்றால் அது நோ ஹடில். ஓர் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை 40 நொடி வீதம் 20 நிமிடப் பாதியில் 30 ஆட்டங்களே நடக்கும். அதையே 25 நொடியாகக் குறைத்தால் 48 நடக்கும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஆட்டங்களில் எதிரணி யார் யாரைப் பிடிப்பது என்று பேசி முடிப்பதற்குள் பந்து கிளம்பிவிடும்.

அமெரிக்காவில் இதை முழு ஆட்டத்துக்குமான முறையாக்கியவர்களில் முன்னோடி, சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் பயிற்சியாளர் சாம் வைச். அவருடைய அணி 1988 பருவத்தில் இந்த முறையோடு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை சென்றது. அடுத்து ஜிம் கெல்லியைக் குவார்ட்டர்பேக்காக (சென்டரிடம் பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவராக) கொண்ட பஃபலோ பில்ஸ் அணி, 1990 முதல் 1993 வரையிலான நான்கு பருவங்களிலும் இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்து நான்கிலும் தோற்றது. இந்த முறை வெற்றிக்கு உத்தரவாதம் என்று பேசுபவரிடம் பில்ஸ் அணியின் கணக்கை நான் எடுத்துச் சொல்வதுண்டு. பிற்பாடு ஆரிகன் பல்கலைக்கழகத்தில் சிப் கெல்லி, களத்துக்கு வெளியே பெரிய அட்டைகளில் படங்களைத் தூக்கிக் காட்டி ஆட்டத்தைச் சொல்லும் வழக்கத்தைப் பிரபலமாக்கினார். கூடிப் பேசாத அணிக்கு அப்படி ஒரு சுருக்க மொழி கட்டாயம் தேவை.

அந்த மொழியை உருவாக்குவதே பயிற்சியாளரின் முதல் வேலை. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பெயர்களை நான் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன்; பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்களே தவிர, மூச்சிரைக்கும்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிறகு மாவட்டத்தின் வரைபடத்தையே எடுத்துக்கொண்டோம். கடலுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மேற்கு, வலப்பக்கம் கிழக்கு. ஆகவே மலையோர ஊரின் பெயர் சொன்னால் நீண்ட பாஸ், கடலோர ஊரின் பெயர் சொன்னால் குறுகிய பாஸ் என்று வைத்தோம். பேச்சிப்பாறை என்றால் இடப்பக்கம் நீளமாக, ஆரல் என்றால் வலப்பக்கம் நீளமாக, குளச்சல் என்றால் இடப்பக்கம் குறுகலாக, மணக்குடி என்றால் வலப்பக்கம் குறுகலாக. ஆரல்வாய்மொழி என்று முழுதாகச் சொல்ல அங்கே நேரமில்லை. ஒரே சொல்லில் யார் எங்கே நிற்பது, யார் எந்தத் தடத்தில் ஓடுவது, எத்தனையாவது எண்ணிக்கையில் பந்து வருவது ஆகிய மூன்றும் அடங்கியிருக்க வேண்டும். தொடக்கத்தில் ஆறு சொற்கள் போதும். எட்டுக்கு மேல் போனால் குழப்பமே மிஞ்சும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரணியும் இதே மாவட்டத்துப் பிள்ளைகள் என்றால் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொல்ல வேண்டும். முதல் பாதியில் முதற்பெயர் செல்லும், இரண்டாம் பாதியில் இரண்டாம் பெயர் செல்லும்.

சொற்கள் பழகிய பின் கோட்டுக்குத் திரும்பும் பழக்கத்துக்கு வர வேண்டும். கொடி உருவப்பட்டதும் பந்து வைத்திருப்பவர் அதைத் தரையில் எறியாமல் நடுவரின் கையிலோ சென்டரின் கையிலோ கொடுக்க வேண்டும்; மற்ற நால்வரும் பந்தைப் பார்க்காமல் பயிற்சியாளரைப் பார்த்தபடி தம் இடத்துக்கு ஓட வேண்டும். பாஸ் தவறிப் பந்து வெகுதூரம் உருண்டுவிட்டால் அதை யார் எடுத்துவருவது என்பதையும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள், ஏனெனில் மிச்சம் பிடித்த நொடிகள் எல்லாம் அங்கேதான் கரைகின்றன. இதற்கு நான் வைக்கும் பயிற்சி எளியது: எதிரணியே இல்லாமல், நான்கு ஆட்டங்களைத் தொடர்ச்சியாக ஆடவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை ஸ்டாப்வாட்சில் அளந்து, நேரத்தைச் சுவரில் எழுதிவைப்பேன். மறுநாள் அந்த எண்ணைக் குறைப்பதே பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிடும்.

தூத்தூர், சின்னத்துறை போன்ற கடலோர ஊர்களின் பிள்ளைகள் கால்பந்திலேயே வளர்ந்தவர்கள். ஆட்டம் நிற்காமல் ஓடுவதே அவர்களுக்கு இயல்பு. இந்த விளையாட்டில் அவர்களால் முடியாதது, பந்து கிளம்பும் முன் அசையாமல் நிற்பதுதான். இடம் மாறிய பின் அனைவரும் ஒரு முழு நொடி அசைவற்று நின்றாக வேண்டும். அதற்குள் ஒருவர் தோளை அசைத்தாலும் அபராதமாக கஜங்களை இழப்போம். கோட்டில் நின்றதும் மனத்துக்குள் "ஆயிரத்து ஒன்று" என்று சொல்லச் செய்து இதைத் திருத்தினேன். கபடி ஆடிப் பழகியவர்களுக்கு வேறொரு குறை உண்டு. கொடி உருவுவதிலும் உடலை வளைத்துத் தப்புவதிலும் அவர்களை வெல்ல ஆளில்லை. ஆனால் 30 நொடி ரெய்டு முடிந்து தம் பக்கம் வந்ததும் மூச்சு வாங்கி நிற்கும் வழக்கம் இங்கேயும் தொடரும்.

உடல் தகுதிக்காகக் கடற்கரை மணலில் நெடுந்தூரம் ஓடவிடுவது நம் பக்கத்தில் வாடிக்கை. காலுக்கு அது வலுவைத் தரலாம். ஆயினும் மணலில் திடீரெனத் திரும்பும் நேரக்கணக்கு, செம்மண் மைதானத்தின் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. 15 மீட்டர் முழுவேக ஓட்டம், 20 நொடி ஓய்வு, மீண்டும் ஓட்டம் என்று பத்துப் பன்னிரண்டு முறை செய்வதே இந்த ஆட்டத்தின் மூச்சுக்கு நெருக்கமானது. இங்குள்ள புழுக்கத்தில் இதை வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். தண்ணீர் இடைவேளையைத் தண்டனைபோல் பிடித்துவைக்கக் கூடாது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று எப்படி வீசும் என்பதற்கு முப்பந்தலின் காற்றாலைகளே சாட்சி. தோவாளைப் பக்கம் அந்த மாதங்களில் ஆடினால் மலைப் பெயர்களை மறந்துவிட்டு, குளச்சலும் மணக்குடியுமாகவே ஆட வேண்டியிருக்கும். மழையில் நனைந்த பந்து கையில் நிற்காது என்பதால், சென்டரின் இடுப்பில் கொடிகளை மறைக்காத இடத்தில் ஒரு சிறு துண்டைச் செருகிவிடலாம்.

இந்த முறை யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் அணிக்கு வேகம் நன்மை தரும். ஆறேழு பேரை வைத்துக்கொண்டு, தாக்குவதற்கும் தடுப்பதற்கும் அதே பிள்ளைகளை இறக்கும் பள்ளிக்கு இது இருபக்கமும் கூரான கத்தி: நான்கு பாஸ்களும் அடுத்தடுத்துத் தவறினால் ஒன்றரை நிமிடத்துக்குள் பந்து எதிரணிக்குப் போய்விடும், மூச்சு திரும்பாத அதே ஐவர் உடனே தடுப்பாட்டத்தில் நிற்க வேண்டும். நான் தோற்ற ஆட்டங்களில் பாதி இப்படித்தான் தோற்றவை. ஆகவே நிறுத்தவும் ஒரு சொல் வேண்டும். எங்கள் அணியில் அது வடசேரி. எந்தப் பேருந்தும் நின்று கிளம்பும் இடம். அந்தச் சொல் கேட்டால் அனைவரும் வழக்கம்போல் கூடி, விதி அனுமதிக்கும் கடைசி நொடிவரை காத்திருந்து ஆடுவார்கள். முன்னணியில் இருக்கும்போதும், தொடர்ந்து இரண்டு பாஸ் தவறிய பிறகும், யாராவது இடுப்பில் கைவைத்துக் குனிந்து நிற்கும்போதும் தயங்காமல் வடசேரி என்று கத்திவிடுங்கள்.