லுவார் பள்ளத்தாக்குக் கோட்டைகளுக்குக் காரில்

பிரான்ஸின் தூர் நகரில் தங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கோட்டை போதும். காலையில் திறந்ததும் ஷெனோன்சோ. ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போல் நிற்கும் நீளக்கூடத்தைக் கூட்டம் சேருமுன் பார்த்துவிடலாம். பிற்பகல் ஷாம்போர்: 1519-ல் கட்டத் தொடங்கியது. அதன் இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்கலாம். சன்னல் வழியே பார்த்துக்கொள்வார்கள், எதிர்ப்படமாட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேளுங்கள். அங்கே கியர் வண்டிகள்தான் அதிகம். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பலகை எதுவுமில்லாத சந்திப்பில் வலப்புறச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். பங்க்கில் ‘காஸோல்’ என்றிருந்தால் அது டீசல். பெட்ரோல் காரில் ஊற்றிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டாங்கைக் காலி செய்தாக வேண்டும். மதிய உணவை இரண்டு மணிக்குமேல் தள்ளிப்போட்டால் கிராமத்தில் பட்டினிதான்.