சிலிம் ரிவரில் இருந்துகொண்டு கல்லூரி கூடைப்பந்துப் பயிற்றுநர் ஆவது எப்படி

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் கல்லூரி, பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுப்பதை மட்டுமே தொழிலாக வைத்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் பகலில் ஆசிரியர், விரிவுரையாளர், விளையாட்டு மைய அதிகாரி. சாயங்காலம்தான் கழுத்தில் விசில். அதனால் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆட்டத்தை யூடியூபில் பார்த்துவிட்டுக் கோட்டு போட்டு நிற்கிற கனவில் இருக்கும் தம்பி தங்கச்சிகள், முதலில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து ஆசிரியர் வேலைக்கோ விளையாட்டு அறிவியல் படிப்புக்கோ வழி பாருங்கள். நமக்குப் பக்கத்திலேயே, தஞ்சோங் மாலிமில் உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது, அங்கே விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றியலுக்கும் தனிப் புலமே உண்டு. வாத்தியார் வேலையைச் சுற்றுவழி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு 10 என்சிஏஏ (தேசியக் கல்லூரி விளையாட்டு) பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்றுநர் ஜான் வுடன் முதலில் உயர்நிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர்தான். அவர் யூசிஎல்ஏவுக்குப் போனது 1948-இல், முதல் பட்டம் கிடைத்தது 1964-இல்.

சரி, ஆட்டத்துக்குள் எப்படி நுழைவது? தோட்டத்தில் (எஸ்டேட்டில்) வளர்ந்த நமக்குப் பந்து என்றால் கால்பந்து. கூடைப்பந்து வளையம் பெரும்பாலும் சீனப்பள்ளியிலோ சீனச் சங்கத் திடலிலோதான் இருக்கும். கூச்சப்படாமல் சாயங்காலம் போய் நில்லுங்கள், பயிற்சி கொடுக்கும் அங்கிளிடம் "ஏதாவது உதவி வேணுமா" என்று கேளுங்கள். பந்து பொறுக்குங்கள், தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், சட்டை எண்களைக் கத்திச் சொல்கிற அளவுக்காவது மாண்டரின் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நாள் மாவட்டப் போட்டிக்குப் புள்ளி எழுத மேசையில் உட்கார ஆள் வேண்டும் என்பார்கள், ஏனென்றால் அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. உடனே கையைத் தூக்குங்கள்.

என்னைக் கேட்டால் பயிற்றுநர் வேலைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. புள்ளித்தாள் எழுதுகிறவருக்கு யாருக்கு எத்தனை பவுல் (விதிமீறல்), எந்த அணிக்கு எத்தனை டைம்அவுட் மிச்சம், அடுத்த பந்து யாருக்கு என்று எல்லாமே தெரிந்தாக வேண்டும். ஃபிபா (அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படி முதல் பாதியில் 2 டைம்அவுட், இரண்டாம் பாதியில் 3. அதையும் ஆட்டக்காரர் கேட்க முடியாது, தலைமைப் பயிற்றுநரோ முதல் துணைப் பயிற்றுநரோ மேசையிடம்தான் கேட்க வேண்டும். ஒரு கால் பகுதியில் ஓர் அணி நாலு பவுல் வரை போகலாம், ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வளையத்தில் போடும் வாய்ப்பு. இது புரியாமல் கடைசி நிமிடத்தில் "பவுல் பண்ணு, பவுல் பண்ணு" என்று கத்தித் தோற்கிற பயிற்றுநர்களை மேசையிலிருந்து நிறையப் பார்ப்பீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். அங்கே ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதி, ஷாட் கிளாக், அதாவது பந்து கையில் வந்ததும் ஷாட் எடுக்க வேண்டிய கெடு, 30 நொடி; நமக்கு 10 நிமிடத்தில் நாலு பகுதி, 24 நொடி. பந்தை மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் கொடுக்கிற அவர்களுடைய செட் ஆட்டத்தை (முன்பே திட்டமிட்ட ஆட்டத்தை) நம் பிள்ளைகளிடம் போட்டால் ஷாட் எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். ஃபிபாவின் பயிற்றுநர் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக: தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் திட்டத்தில் விளையாட்டு அறிவியல் ஒரு பக்கம், கூடைப்பந்துக்கு உரியது இன்னொரு பக்கம், இரண்டிலும் முதல் நிலையை முடித்துவிடுங்கள். முதலுதவியும் படித்து வையுங்கள். வேலைக்கு எழுதிப் போடும்போது திறமையைவிட முதலில் இந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள்.

சான்றிதழ் வரும்வரை சும்மா இருக்காமல் ஓர் அணியைக் கட்டுங்கள். 12 பேரைத் தேடி அலைய வேண்டாம், 3x3 போதும்: மூன்று பேர், ஒரு மாற்று ஆள், அரைத் திடல், 10 நிமிடம் அல்லது 21 புள்ளி. அதில் பயிற்றுநர் ஓரத்தில் நின்று கத்தவே கூடாது என்பது விதி, அதனால் பயிற்சியிலேயே பிள்ளைகளை யோசிக்கப் பழக்கியாக வேண்டும், அது உங்களுக்கும் நல்லது. சிமெண்டுத் திடலுக்கு ரப்பர் பந்து வாங்குங்கள், விலையுயர்ந்த தோல் பந்து ஒரே மாதத்தில் தேய்ந்துவிடும். பெண்களுக்கு 6-ஆம் அளவு, சின்னப் பிள்ளைகளுக்கு 5. மழைக்கு அப்புறம் திடலில் பாசி பிடித்திருக்கும், துடைப்பக்கட்டையால் தேய்த்துவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். பெண் பிள்ளைகள் அணி என்றால் இருட்டுவதற்குள் முடியுங்கள், ஒரு அம்மாவையாவது கூடவே உட்காரச் சொல்லுங்கள். தோட்டத்தில் பெற்றோர் ஒருமுறை சந்தேகப்பட்டால் மறுநாள் ஒரு பிள்ளையும் வராது.

பல்கலைக்கழகத்துக்குள் போனதும் விளையாடத் தேர்வாகவில்லை என்றால் அணிக்கு மேலாளராகச் சேருங்கள். மாசும், சுக்கிப்ட் என்ற பல்கலைக்கழக, உயர்கல்விக் கழக விளையாட்டுப் போட்டிகளுக்குப் போகும்போது எதிரணி ஆட்டத்தை வீடியோ எடுத்து, எந்தக் கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், பந்தை யாரிடம் தள்ளுகிறார்கள் என்று வெட்டிக் கொடுங்கள். தலைமைப் பயிற்றுநருக்கு நேரம் மிச்சமாகிறது, உங்களுக்குத் துணைப் பயிற்றுநர் நாற்காலி பக்கத்தில் வருகிறது. அமெரிக்கா போக ஆசையா? அங்கேயும் வாசல் இதேதான்: முதுகலை படித்துக்கொண்டே கிராஜுவேட் அசிஸ்டன்ட் என்று எடுபிடி வேலை. பாட் சம்மிட் 1974-இல் 22 வயதில் டென்னசி பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் ஆனபோது மாதம் 250 டாலர்தான் சம்பளம், ஆட்டக்காரிகளின் சட்டையைத் துவைத்ததும் வேன் ஓட்டியதும் அவரே. ஓய்வு பெறும்போது 1,098 வெற்றி, 8 பட்டம்.

பண விஷயத்தில் மட்டும் வெட்கப்படாதீர்கள். பகுதிநேரமாகக் கூப்பிட்டால் ஒரு பயிற்சிக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எண்ணெய்க் காசு (பெட்ரோல் செலவு) தனியா, வெளியூர்ப் போட்டிக்குத் தங்கும் செலவு யாருடையது, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் முதல் பயிற்சிக்கு வண்டியை எடுக்க வேண்டும்.