காஸ்ட்லி சினிமா ஃபிகர் ப்ரோட்டோடைப் மாதிரியே வருமா? காசு கட்டுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

சினிமா ஃபிகர்னா படத்துல வர்ற கேரக்டரை அந்த நடிகர் சாயல்லயே சின்ன அளவுல செஞ்சு விக்கிற பொம்மை. ப்ரீ-ஆர்டர், அதாவது பொருள் வர்றதுக்கு முன்னாடியே புக் பண்றது, ஓபன் ஆன அன்னிக்கு கம்பெனி போடுற படத்தைப் பாத்தா அந்த நடிகரே நிக்கிற மாதிரி இருக்கும், தோல்ல துளை தெரியும், கண்ணுல ஈரம் தெரியும், ஜாக்கெட் மடிப்பு கூட அச்சு அசலா இருக்கும். அப்புறம் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ கழிச்சு பெட்டி வரும், திறந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு ஆனா ஏதோ ஒண்ணு இடிக்குது, அது என்னன்னு சட்டுனு சொல்லத் தெரியாது. "ஏமாத்திட்டாங்க"ன்னு சிலர் சொல்றாங்க, "அப்படியே வந்திருக்கு"ன்னு வேற சிலர் சொல்றாங்க. ரெண்டுமே பாதி உண்மைதான். ப்ரோட்டோடைப்ல, அதாவது படம் எடுக்க முதல்ல செய்யற மாதிரி பீஸ்ல, இருக்குற சில விஷயம் அப்படியே ஃபேக்டரி தாண்டி வந்துரும், சில விஷயம் வரவே வராது. எது வரும் எது வராதுன்னு தெரிஞ்சா படத்தைப் பாத்த உடனே பாதி முடிவு எடுத்துரலாம்.

முதல்ல ப்ரோட்டோடைப்னா என்னன்னு பாத்துருவோம். நடிகரோட முகத்தை ஸ்கேன் பண்ணியோ போட்டோக்களை வெச்சோ கம்ப்யூட்டர்ல செதுக்குவாங்க, அதை ரெசின்ல (இறுகிக் கெட்டியாகுற ஒரு வகை பிளாஸ்டிக்) பிரிண்ட் எடுப்பாங்க, அப்புறம் ஒரு பெயிண்டர் உக்காந்து அந்த ஒரே ஒரு தலைக்கு லேயர் லேயரா கலர் அடிப்பார். துணியை ஒரு பீஸ் மட்டும் கையால தைப்பாங்க, பின்பக்கம் குண்டூசி குத்தி மடிப்பை நிக்க வைப்பாங்க, லைட்டிங் போட்டு படம் எடுத்து அதுக்கு மேல எடிட்டிங்கும் நடக்கும். அதனாலதான் கீழ பொடி எழுத்துல "படத்தில் இருப்பது ப்ரோட்டோடைப், இறுதித் தயாரிப்பு மாறலாம்"னு போட்டிருப்பாங்க. அந்த ஒரு வரியைப் படிக்காம யாரும் காசு கட்டாதீங்க.

இப்போ எது தாண்டி வரும்னு பாப்போம். செதுக்கல், அதாவது ஹெட் ஸ்கல்ப்ட், பெரும்பாலும் தாண்டி வந்துரும். ஹாட் டாய்ஸ் மாதிரி பெரிய கம்பெனிகளோட 1/6 ஃபிகர்ல, அதாவது நிஜ ஆளோட ஆறுல ஒரு பங்கு அளவுல செய்யறதுல, தலை பிவிசி பிளாஸ்டிக்ல வார்க்கிறது, அச்சுல ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், அதைக் கணக்குல வெச்சே மூலத்தைக் கொஞ்சம் பெருசா செய்வாங்க. மூக்கு, தாடை, கன்னத்து எலும்பு எல்லாம் உங்க கைக்கு வரும்போதும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். மெல்லிய முடிக்கற்றை, கத்தி நுனி, காதோரம் மாதிரி இடங்கள் மட்டும் உடையாம அச்சுல இருந்து வெளிய வரணும்னு கொஞ்சம் தடிச்சுப் போகும்.

இதனால என்னோட முதல் விதி இதுதான்: பெயிண்ட் அடிக்காத சாம்பல் கலர் ஸ்கல்ப்ட் படம் கிடைச்சா அதைத் தேடிப் பாருங்க. கலர் இல்லாம, மேக்கப் இல்லாம அந்த மூஞ்சி நடிகரா தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா தைரியமா மேல போகலாம். சாம்பல்ல தெரியாம கலர் அடிச்ச படத்துல மட்டும் தெரிஞ்சா அந்த சாயல் பெயிண்டர் கையில இருக்கு, பெயிண்டர் ஒருத்தர், உங்களுக்கு வர்ற பீஸ் ஃபேக்டரி லைன்ல வேற யாரோ அடிச்சது.

அடுத்து கண்ணு. இதுலதான் ரொம்ப நேரம் செலவு பண்ணணும், ஏன்னா கையில வந்த ஃபிகர் இடிக்கிறதுக்கு பத்துல எட்டு தடவை கண்ணுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். கணக்கு போட்டுப் பாருங்க. மனுஷனோட கருவிழி குறுக்களவு சுமார் 12 மில்லிமீட்டர், 1/6 ஸ்கேல்ல அது 2 மில்லிமீட்டர். நிஜத்துல மேல் இமை கருவிழியோட மேல்பக்கத்துல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டரை மூடியிருக்கும், ஃபிகர்ல அது கால் மில்லிமீட்டர் சமாச்சாரம். அந்தக் கால் மில்லிமீட்டர் தப்பி கருவிழி முழு வட்டமா வெளிய தெரிஞ்சா போச்சு, எந்த ஹீரோவா இருந்தாலும் பேயைப் பாத்து பயந்த மாதிரி முழிப்பார். ஒரு கண்ணு கால் மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளிப் போனா நிஜ மனுஷனுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மாறுகண் இருக்கிற மாதிரி. எவ்வளவு காசு வாங்கினாலும் ஆயிரக்கணக்கான பீஸ்ல ஒவ்வொண்ணுலயும் இதைத் துல்லியமா செய்யறது கஷ்டம்.

அதனால கண்ணை எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு விவரத்துல தேடுங்க. பெயிண்ட் அடிச்ச கண்ணா, பிரிண்ட் பண்ண கண்ணா, தனியா பொருத்தின கண்ணாடி மாதிரி விழியா, விழியைத் திருப்புற வசதி இருக்கா. திருப்புற விழி இருந்தா நான் கூடக் காசு குடுக்கத் தயங்க மாட்டேன், ஏன்னா ஃபேக்டரி பண்ண தப்பை வீட்லயே சரி பண்ணிக்கலாம், பார்வையைக் கொஞ்சம் ஓரமா திருப்பினாலே மூஞ்சிக்கு உயிர் வந்துரும். சின்ன ஸ்கேல்ல, அதாவது 6 இஞ்ச் ஃபிகர்ல, இப்போ முகத்தையே டிஜிட்டலா பிரிண்ட் பண்றாங்க, பண்டாயோட எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ், ஹாஸ்ப்ரோவோட பிளாக் சீரிஸ் ரெண்டுலயும் இந்த முறை உண்டு. விலை குறைவான இந்த ஃபிகர்ல கண்ணு நேரா இருக்குறதைப் பாத்துட்டு காஸ்ட்லி ஃபிகரை விட இது மேல்னு சிலர் சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா ரொம்பக் கிட்ட போய் பாத்தா புள்ளி புள்ளியா பிரிண்ட் தெரியும்.

தோல் கலர் பத்தி ஒரு விஷயம். ப்ரோட்டோடைப்ல சிவப்பு, நீலம், மஞ்சள்னு மெல்லிசா பல தடவை அடிச்சிருப்பாங்க, ஃபேக்டரில அந்த ஸ்டெப் எண்ணிக்கை குறையும், அதனால முகம் கொஞ்சம் ஒரே கலரா, சில சமயம் பளபளன்னு வரும். பளபளப்பு மட்டும்தான் பிரச்சனைன்னா சரி பண்ணலாம், தண்ணி கலந்து அடிக்கிற மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பு இல்லாத பூச்சு, மெல்லிசா ஒரு கோட் போதும், கண்ணு மேல மட்டும் படக்கூடாது. ஸ்ப்ரே கேன் வார்னிஷ் வேண்டாம், சாஃப்ட் பிவிசி மேல அது காயாம பிசுபிசுன்னு நின்னுர வாய்ப்பு இருக்கு.

ஒப்பிடும்போது எல்லாரும் பண்ற ஒரு விஷயம், படத்துல பாத்த கலரை மனசுல வெச்சுக்கிட்டு ஃபிகரைக் குறை சொல்றது. சினிமா ஃபிரேம்ல கலர் கிரேடிங் பண்ணியிருப்பாங்க, அதாவது எடுத்தப்புறம் கலரை மாத்தியிருப்பாங்க, சாம்பலா தெரியற சட்டை நிஜத்துல நீலமா இருக்கும், இருட்டு சீன்ல கருப்பா தெரிஞ்சது பழுப்பா இருக்கும். ஷூட்டிங் ஸ்பாட் போட்டோ, இல்லேன்னா காஸ்ட்யூம் கண்காட்சில எடுத்த படம் கிடைச்சா அதோட ஒப்பிடுங்க. இன்னொண்ணு, படம் ரிலீஸ் ஆகுறதுக்கு முன்னாடியே ஃபிகர் டிசைன் ஆரம்பிச்சிரும், அப்போ கம்பெனிக்குக் கிடைக்கிறது சில ஸ்டில்லும் வரைபடமும்தான், காஸ்ட்யூம் பாதி கம்ப்யூட்டர் கிராபிக்ஸா இருந்தா கேக்கவே வேணாம். ரிலீஸுக்கு முன்னாடியே காட்டுற ஃபிகரை விட ரிலீஸ் ஆகி கொஞ்ச நாள் கழிச்சு வர்ற ஃபிகர் சரியா இருக்க வாய்ப்பு அதிகம், காத்திருக்க முடிஞ்சா காத்திருங்க.

துணியை என்ன பண்ணாலும் முழுசா ஜெயிக்க முடியாது. உடம்பை ஆறுல ஒரு பங்கா குறைக்கலாம், நூலை அப்படிக் குறைக்க முடியாது, அதனால கோட் காலர் தூக்கிக்கிட்டு நிக்கும், பேண்ட் முழங்கால்ல பலூன் மாதிரி உப்பும். ப்ரோட்டோடைப் படத்துல கோட் உடம்போட ஒட்டி அழகா விழுந்திருந்தா பின்பக்கப் படம் இருக்கான்னு பாருங்க. முன்பக்கம் மட்டும் இருபது படம் போட்டு பின்பக்கம் ஒண்ணு கூட இல்லேன்னா அங்க குண்டூசி இருக்குன்னு வெச்சுக்கோங்க. கவசம் போட்டவங்க, ஹெல்மெட் போட்டவங்க, ரோபோ, ஏலியன் இதெல்லாம் இந்தத் தொல்லை இல்லாம ப்ரோட்டோடைப் மாதிரியே வரும். முதல் தடவை பெரிய தொகை போடுறவங்க இதுல ஆரம்பிக்கிறதுதான் நல்லது. தாடி, தழும்பு, சுருக்கம் இருக்குற முகம் அடுத்த இடம், அடையாளம் நிறைய இருக்கறதால சாயல் பிடிபடும். ரொம்ப கஷ்டம் வழுவழுப்பான இளம் முகம், முக்கியமா ஹீரோயின்கள், பிடிச்சுக்க ஒரு கோடு கூட இருக்காது, உதட்டோட ஓரம் கொஞ்சம் மாறினாலும் வேற ஆள் ஆயிரும். நடிகரோட முக உரிமை கிடைக்காம கம்பெனி முகமூடி போட்ட வெர்ஷன் மட்டும் விக்கிறதும் உண்டு, முகமூடி இல்லாத தலையும் கூட வருமான்னு பாகங்கள் லிஸ்ட்ல பாத்துக்கோங்க.

சிலை, அதாவது கை காலை அசைக்க முடியாத பீஸ், பக்கம் கதையே வேற. ப்ரைம் 1 ஸ்டுடியோ, சைட்ஷோ மாதிரி கம்பெனிகள் போடுற 1/4 ஸ்கேல் சிலைகள், அயர்ன் ஸ்டுடியோஸோட 1/10 சிலைகள் எல்லாம் பாலிஸ்டோன், அதாவது ரெசின்ல கல் பொடி கலந்து வார்க்கிறது. இணைப்பைக் கையால தேய்ச்சு, கையாலயே பெயிண்ட் அடிக்கணும். இதனால விலை ஏற ஏற ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் வித்தியாசமும் ஏறும்! காஸ்ட்லின்னா எல்லாம் ஒரே மாதிரி துல்லியமா வரும்னு நினைக்கிறது இங்க தப்பாயிரும். சிலை வாங்குறதா இருந்தா, அதே பீஸோட போட்டோவைக் கேட்டு வாங்குங்க, கடைல வேற பெட்டியைத் திறந்து எடுத்த போட்டோ உங்களுக்கு எதுக்கும் உதவாது.

இப்போ எந்தப் படத்தை எவ்வளவு நம்பறது. கம்ப்யூட்டர் ரெண்டரை, அதாவது கம்ப்யூட்டர்லயே உருவாக்கின படத்தை, நம்பவே வேண்டாம். பெயிண்ட் அடிச்ச ப்ரோட்டோடைப் ஸ்டுடியோ போட்டோவை செதுக்கலுக்கு மட்டும் நம்புங்க. கண்காட்சில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கிறது பல தடவை அதே ப்ரோட்டோடைப்தான், ஆனா பாக்க வந்தவங்க சாதாரண லைட்ல எடுக்கற படம்ங்கறதால கொஞ்சம் உண்மை தெரியும். நிஜமா நம்ப வேண்டியது வாங்கினவங்க வீட்ல எடுக்கற வீடியோ. போட்டோ வேணாம், வீடியோ, ஏன்னா தலையைச் சுத்தும்போது எந்தக் கோணத்துல சாயல் உடையுதுன்னு தெரிஞ்சிரும். ஒரே ஆள் வீடியோ போதாது, நாலஞ்சு பேரோடது பாருங்க. எல்லார் பீஸ்லயும் அதே குறை இருந்தா அது டிசைன், மாத்திக் கேட்டாலும் அதேதான் வரும். ஒருத்தர் பீஸ்ல மட்டும் இருந்தா அது அந்த பீஸோட கோளாறு, அதுக்காக ஃபிகரையே ஒதுக்க வேண்டியதில்ல.

கையில வந்தப்புறம் ஃபோனை மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டுபோய் படம் எடுத்துட்டு மூக்கு பெருசா இருக்குன்னு சொல்லாதீங்க. ஃபோனோட மெயின் கேமரா வைட் லென்ஸ், கிட்ட வெச்சா யார் மூக்கும் பெருசாத்தான் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்னு 2 அல்லது 3 மடங்கு ஜூம்ல, ஃபிகரோட கண் உயரத்துக்கு கேமராவை இறக்கி, மேல ஒரு பக்கமா மெல்லிசான லைட் வெச்சு எடுங்க. கம்பெனி படமும் ஏறக்குறைய இப்படித்தான் எடுத்தது, இப்போ ஒப்பிட்டா நியாயம். நிறைய ஃபிகர் இந்த ஒரு வேலையிலயே ப்ரோட்டோடைப் கிட்ட வந்துரும்.

அடுத்து நிக்க வைக்கிற விதம். பெட்டில இருந்து எடுத்தா சல்யூட் அடிக்கப் போற மாதிரி விறைப்பா இருக்கும். எடையை ஒரு கால்ல போடுங்க, தோளைக் கொஞ்சம் இறக்குங்க, கழுத்து நீளமா தெரிஞ்சா தலையை நல்லா அழுத்திப் பொருத்துங்க, தாடையை லேசா கீழ இறக்குங்க. துணியை விரல்ல தண்ணி தொட்டு ஈரமாக்கி வேணுங்கற மடிப்புல நூலால கட்டி ஒரு ராத்திரி விட்டா படிஞ்சிரும், லெதர் மாதிரி துணிக்கு மட்டும் இதைப் பண்ணாதீங்க. ஃபிகரோட கையைக் கழட்டி வேற கை மாத்தும்போது டைட்டா இருந்தா இழுக்காதீங்க, ஹேர் டிரையர்ல கொஞ்சம் சூடு காட்டினா பிவிசி இளகி தானா வரும், மணிக்கட்டு ஆணி உடையறது இந்த இடத்துலதான்.

வாங்குறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டிய இன்னொண்ணு, அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும். செயற்கை லெதர் ஈரக்காத்துல மெல்ல மெல்ல உடைஞ்சு உரியும், எந்த பிராண்டுக்கும் இது பொருந்தும், அதனால முழு லெதர் காஸ்ட்யூம் ஃபிகருக்கு பெரிய விலை குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. ரப்பர் சூட் போட்ட ஃபிகரோட முழங்கையை மடக்கி மாசக்கணக்குல வைக்காதீங்க, மடிப்புல கிழியும். எல்இடி இருந்தா பேட்டரியை எடுத்து வெச்சிருங்க, வெயில் நேரா படுற இடம் கூடவே கூடாது.

கடைசியா ப்ரீ-ஆர்டர். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா, எப்போ வரைக்கும் கேன்சல் பண்ணலாம், இந்த ரெண்டையும் எழுத்துல பாத்துட்டு கட்டுங்க. கேன்சல் பண்ண முடியும்னா புக் பண்ணி வெச்சுட்டு முதல் வீடியோக்கள் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். முடியாதுன்னா, அந்த சாம்பல் ஸ்கல்ப்ட் படம் கிடைக்காத ஃபிகருக்கு நான் காசு கட்ட மாட்டேன், வெளிய வந்தப்புறம் கொஞ்சம் கூட விலை ஆனாலும் பாத்து வாங்கிக்குவேன். பெட்டி வந்தா அன்னிக்கே வீடியோ எடுத்துக்கிட்டே திறந்து கண்ணு, மூட்டு, பாகங்கள் லிஸ்ட் மூணையும் சரி பாருங்க, ஏன்னா மாத்திக் குடுக்க கடைகள் வெக்கற கெடு பெரும்பாலும் ரொம்பக் கம்மி.